அழித்தது எங்கே போகிறது?

அக்கா மகளுக்குப் பன்னிரண்டு வயது. என்னுடைய பழைய மடிக்கணினியை அவளுக்குக் கொடுப்பதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. கொடுக்கும் முன் அதிலிருந்த கல்யாண வீடியோவை ஒரு பென்டிரைவில் ஏற்றிவிட்டு, கணினியில் இருந்ததை அழித்தேன். குப்பைத்தொட்டிக்கும் போகாதபடி ஷிஃப்ட் விசையையும் சேர்த்து அழுத்தித்தான் அழித்தேன். மொத்தம் 8 ஜிபி. ஏற்றக் கால் மணி நேரம் பிடித்தது. அழிப்பதோ, விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்: "மாமா, ஏத்துறதுக்கு அவ்ளோ நேரம் ஆச்சே, அழிக்கிறதுக்கு மட்டும் ஏன் ஒரு செகண்டுகூட ஆகல?"

நாமெல்லாம் ஒருமுறையாவது பார்த்துவிட்டு, கேட்காமல் விட்ட கேள்வி இது. சுவரில் எழுதியதைச் சுண்ணாம்பு அடித்து மறைக்க வேண்டுமென்றால், எழுதிய அளவுக்காவது கை வலிக்கும். கை வலிக்கவே இல்லையென்றால், சுண்ணாம்பு அடிக்கவில்லை என்றுதான் பொருள்.

பட்டாவில் அடிக்கப்படும் பெயர்

கணினியில் நாம் சேர்த்துவைக்கும் எல்லாம் வன்தட்டில் இருக்கிறது. கடைக்காரர் அதை ஹார்ட் டிஸ்க் என்பார். என் மடிக்கணினியில் இருந்தது 500 ஜிபி தட்டு. அதை ஒரு பெரிய மனைப்பிரிவாக நினைத்துக்கொள்வோம். நிலம் முழுவதும் ஒரே அளவுள்ள சிறு மனைகள். ஒரு மனையில் 4,096 பைட் கொள்ளும். பைட் என்பது ஓர் ஆங்கில எழுத்தை வைக்கப் போதுமான இடம். அந்தத் தட்டில் இப்படி ஏறக்குறைய 12 கோடியே 20 லட்சம் மனைகள் இருந்தன.

இத்தனை மனைகளில் எது யாருக்கு என்று தெரிய வேண்டுமே! அதற்காக விண்டோஸ் அதே தட்டில் இரண்டு பதிவேடுகளை வைத்திருக்கிறது. முதலாவதில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பக்கம். கோப்பின் பெயர், தேதி, எந்தெந்த மனைகளில் குடியிருக்கிறது என்ற விவரம் எல்லாம் அதில் உண்டு. இரண்டாவது பதிவேடு மனைகளின் வரைபடம். அதில் ஒரு மனைக்கு ஒரே ஒரு குறிதான். ஆள் இருந்தால் 1, காலி என்றால் 0.

ஒரு கோப்பை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். என் ஆதார் அட்டையை வருடி வைத்திருந்த படம் அந்தக் கணினியில் இருந்தது. அளவு 3 எம்பி, அதாவது 31,45,728 பைட். அது 768 மனைகளில் குடியிருக்கிறது. இப்போது அதை அழிக்கிறேன். கோப்புறையின் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படுகிறது. முதல் பதிவேட்டில் அதற்குரிய பக்கத்தில் 'பயன்பாட்டில் உள்ளது' என்ற குறி 'காலி' என்று மாறுகிறது. இரண்டாவது பதிவேட்டில் 768 குறிகள் 1இலிருந்து 0 ஆகின்றன. எட்டுக் குறிகள் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, 96 பைட். வேலை அவ்வளவுதான். படத்துக்குரிய 31 லட்சத்துச் சொச்சம் பைட்டில் ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை.

கல்யாண வீடியோவுக்கும் இதே கணக்குத்தான். எட்டு ஜிபி இருந்தது ஏறக்குறைய 21 லட்சம் மனைகளில். மாற வேண்டிய குறிகள் எல்லாம் சேர்ந்து 256 கேபி. செல்பேசியில் வரும் ஒரு சின்னப் படத்தின் அளவு அது. அதற்கு எதற்கு நேரம்?

கிராம நிர்வாக அலுவலர் தன் பதிவேட்டில் ஒரு பெயரை அடித்துவிட்டால் வீடு இடிந்துவிடாது. சுவர், திண்ணை, கொல்லையில் நிற்கும் தென்னை எல்லாம் அப்படியேதான் இருக்கும். அடுத்து ஒருவர் அந்த மனைக்குப் பட்டா வாங்கி, பழையதை இடித்துவிட்டுத் தன் வீட்டைக் கட்டும்வரை இருக்கும். கணினியில் 'அழி' என்பதும் பட்டாவில் பெயரை அடிப்பதுதான். குப்பைத்தொட்டிக்கு அனுப்புவது அதுகூட இல்லை, வெறும் முகவரி மாற்றம்.

சோம்பலால் இப்படி வடிவமைக்கவில்லை. தேவையில்லாத கோப்பு ஒவ்வொன்றையும் உண்மையிலேயே துடைத்துக்கொண்டிருந்தால் கணினி நாள் முழுக்க அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும். இடம் காலி என்று தெரிந்தால் அதற்குப் போதும். அடுத்து வருபவர் இடித்துக்கொள்ளட்டும்.

முகம் மட்டும் கிடைத்த படம்

இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. "அப்போ திரும்ப எடுத்துக் காட்டுங்க" என்றாள். நியாயமான கோரிக்கை.

அழிந்த கோப்புகளை மீட்கும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை வேறொரு பென்டிரைவிலிருந்து ஓடவிட்டேன். கணினியிலேயே நிறுவியிருந்தால் அந்த நிரலே புதுக் குடியாக வந்து, நாம் தேடும் பழைய வீட்டை இடித்துவிடக்கூடும். (தவறுதலாக எதையாவது அழித்துவிட்டவர்கள் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான்: உடனே கணினியை நிறுத்திவிடுங்கள். அது ஓடும் ஒவ்வொரு நிமிடமும் எதையாவது எங்கேயாவது எழுதிக்கொண்டிருக்கிறது.)

இந்த நிரல் பதிவேட்டைப் பார்ப்பதே இல்லை. முதல் மனையிலிருந்து கடைசி மனைவரை தெருத்தெருவாக நடந்து, ஒவ்வொரு வாசலையும் பார்க்கிறது. கோப்புகளுக்கு வாசல் அடையாளம் உண்டு. நாம் அன்றாடம் எடுக்கும் ஜேபெக் வகைப் புகைப்படம் 255, 216, 255 என்ற மூன்று எண்களோடுதான் தொடங்கும். பிடிஎஃப் ஆவணத்தின் தொடக்கத்தில் ஒரு சதவீதக் குறியும் அதன் பெயரின் மூன்று எழுத்துகளும் இருக்கும். அந்த அடையாளத்தைக் கண்டால் 'இங்கே ஒரு படம் குடியிருந்தது' என்று நிரல் அள்ளத் தொடங்குகிறது.

மூன்று மணி நேரம் ஓடியது. ஆதார் அட்டை முழுதாக வந்தது. வங்கிப் பாஸ்புத்தகத்தின் முதல் பக்கம் வந்தது. எப்போதோ நான் அழித்து மறந்துபோன கடிதங்கள் வந்தன. பெயர் இழந்த ஆயிரக்கணக்கான படங்களுக்கு நடுவே ஒரு படத்தைப் பார்த்ததும் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அம்மாச்சி!"

எங்கள் அம்மா. அவர் இறப்பதற்கு முந்தைய பொங்கலில் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எடுத்த படம். அது எங்களிடம் இல்லை என்றே நானும் அக்காவும் நினைத்திருந்தோம். நெற்றி, மூக்குத்தி, சிரிப்பு, சேலைத் தலைப்பு எல்லாம் தெளிவாக இருந்தன. மார்புக்குக் கீழே படம் வெறும் சாம்பல் நிறம்.

ஏன் பாதி? படக் கோப்பு மேல்வரியிலிருந்து கீழ்வரிக்கு வரிசையாக எழுதப்படுகிறது. படத்தின் மேல்பாதி இருந்த மனைகளுக்கு யாரும் குடிவரவில்லை. கீழ்ப்பாதி இருந்த மனைகளில் வேறொரு கோப்பு வந்து வீடு கட்டிவிட்டது. ஏதோ ஒரு மென்பொருளின் துண்டாக இருக்கலாம். அம்மாவின் மடியும் கைகளும் இருந்த இடத்தில் இப்போது அது இருக்கிறது.

அந்தப் பாதிப் படத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

158 பழைய தட்டுகள்

எனக்குக் கிடைத்தது வரம். அதே வழியில் முன்பின் தெரியாத ஒருவருக்கும் என் ஆதார் எண் கிடைக்கும் என்பதை மறக்கக் கூடாது. இது வெறும் அச்சம் இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் அப்போது ஆய்வு மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் இருவரும் 2000 நவம்பர் முதல் 2002 ஆகஸ்ட் வரை பழைய தட்டுகள் 158ஐ விலைக்கு வாங்கிச் சேர்த்தார்கள். அவற்றில் வேலை செய்தவை 129. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றில் கடன் அட்டை எண்கள், மருத்துவக் கடிதங்கள், காதல் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. ஏடிஎம் ஒன்றில் இருந்ததாகத் தெரிந்த தட்டில் ஓராண்டுக்கான பணப் பரிமாற்றங்கள் அப்படியே இருந்தன.

விற்றவர்கள் எல்லாரும் அலட்சியக்காரர்கள் இல்லை. பலர் 'ஃபார்மட்' செய்துவிட்டுத்தான் விற்றிருந்தார்கள். ஆனால் விரைவு ஃபார்மட் என்பது பழைய பதிவேட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் புதுப் பதிவேடு திறப்பது மட்டுமே. ஊரில் ஒரு வீடுகூட இடியவில்லை.

சிலேட்டும் கோவை இலையும்

சிலேட்டில் எழுதிப் படித்தவர்களுக்குக் கோவை இலை நினைவிருக்கும். இலையைக் கசக்கித் தேய்த்தால் பலகை கன்னங்கரேலென்று ஆகிவிடும். எழுத்து இருந்த ஒவ்வோர் இடத்தையும் கை தொட்டாக வேண்டும், குறுக்குவழி கிடையாது. வன்தட்டுக்கும் அப்படித்தான். எல்லா மனைகளிலும் சுழியம் சுழியமாக எழுதிக்கொண்டே போக வேண்டும். இதை மேலெழுதல் என்போம்.

என் பழைய தட்டு சராசரியாக நொடிக்கு 80 எம்பி எழுதியது. 500 ஜிபிக்கு 6,250 நொடி, அதாவது ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். மருமகளின் கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. உண்மையாக அழிப்பதற்கு எழுதும் அளவுக்கு நேரம் ஆகும், ஏனென்றால் அழிப்பதும் எழுதுவதுதான்.

ஒருமுறை துடைத்தால் போதுமா? 35 முறை துடைக்க வேண்டும் என்று சொல்பவர்களை இன்றும் பார்க்கலாம். அந்த 35க்கு ஒரு கதை உண்டு. 1996இல் பீட்டர் குட்மன் என்ற நியூசிலாந்து அறிவியலாளர் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். தட்டில் தகவல் என்பது காந்தப் புள்ளிகளின் வரிசை. அந்தக் காலத் தட்டுகளில் அந்த வரிசைகள் ஓடும் தடங்கள் அகலமானவை. எழுதும் முனை மயிரிழை விலகினாலும் பழைய எழுத்தின் விளிம்பு ஓரத்தில் மிச்சமிருக்கும், நுட்பமான நுண்ணோக்கியால் அதைப் படித்துவிட முடியலாம் என்றார். அன்று புழக்கத்தில் இருந்த பலவகைத் தட்டுகளுக்கும் ஏற்ற துடைப்பு முறைகளைத் தொகுத்தபோது மொத்தம் 35 வந்தது. ஒரே தட்டுக்கு அத்தனையையும் செய்வதில் பொருளில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். ஆனாலும் எண் மட்டும் மந்திரம்போல நிலைத்துவிட்டது. இன்றைய தடங்கள் மிகக் குறுகியவை, ஓரம் என்று ஒன்று மிஞ்சுவதில்லை. 2001க்குப் பின் வந்த, 15 ஜிபிக்கு மேற்பட்ட தட்டுகளுக்கு ஒருமுறை மேலெழுதினாலே போதும் என்று அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2006இலேயே சொல்லிவிட்டது.

விண்டோஸிலேயே இதற்கு வழி இருக்கிறது. ஃபார்மட் செய்யும்போது 'விரைவு' என்ற பெட்டியில் உள்ள டிக் குறியை எடுத்துவிட்டால், 2007இல் வந்த விஸ்டா முதலான பதிப்புகள் தட்டு முழுக்கச் சுழியம் எழுதும். கணினியை மீட்டமைக்கும் இடத்திலும் 'எல்லாவற்றையும் நீக்கு' என்பதற்குள் தட்டைச் சுத்தம் செய்யும் தேர்வு ஒன்று ஒளிந்திருக்கும். நேரம் அதிகம் எடுக்கும் தேர்வு எதுவோ, அதுதான் சரியான தேர்வு.

கிழடு தட்டியது எது?

துடைத்தாயிற்று. ஆனால் அதே தட்டை அவளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. திறந்தால் ஐந்து நிமிடம் யோசிக்கும் கணினியை ஒரு குழந்தையிடம் கொடுத்தால், அவள் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் சலிப்பாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு அரசு கொடுத்த மடிக்கணினிகள் எத்தனையோ வீடுகளில் பரணில் கிடப்பதற்கும் இந்தச் சலிப்பு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நிரல் துருப்பிடிக்காது. பத்தாண்டுக்கு முன் கூட்டிய அதே வேகத்தில் கணினி இன்றும் கூட்டும். தாமதம் பெரும்பாலும் வன்தட்டில்தான் பிறக்கிறது. என் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. வேண்டிய மனை முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால், அங்கங்கே சிதறிக் கிடக்கும் துண்டுகளில் நொடிக்கு அறுபது எழுபதுதான் எடுக்க முடியும். புதிய மென்பொருள்களோ தொடங்கும்போதே ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கேட்கின்றன.

எஸ்எஸ்டி என்னும் சில்லுச் சேமிப்பகத்தில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. எந்தத் துண்டையும் பத்தில் ஒரு மில்லிநொடிக்குள் எட்டிவிடும். பழைய மடிக்கணினிக்குச் செய்யும் செலவில் இதைவிடப் பலன் தரும் செலவு வேறில்லை. 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி நானே திருகுகளைக் கழற்றி மாட்டினேன். மின்விசிறியில் அடைந்திருந்த தூசியையும் அப்போதே எடுத்தேன். துடைத்த வன்தட்டு, வெளியே இணைக்கும் உறைக்குள் போய், படங்களைச் சேர்த்துவைக்கும் பெட்டியாகிவிட்டது.

வாசல் தெளித்தால்தான் கோலம்

நீங்கள் கொடுக்கப்போகும் கணினியில் ஏற்கெனவே எஸ்எஸ்டி இருந்தால், மேலே சொன்ன சிலேட்டுக் கதை அப்படியே பொருந்தாது. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம்தான் எஸ்எஸ்டியின் அடிப்படை. நுண்ணிய கூடுகளில் மின்னேற்றத்தைச் சிறைப்பிடித்து வைக்கிறது. எழுதுவது சிறு சிறு பக்கங்களாக நடக்கும். அழிப்பதோ, நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு தொகுதியில் ஒட்டுமொத்தமாக மட்டுமே நடக்கும். கோலத்தில் ஓர் இழையை மட்டும் நீக்கிவிட்டு அதே இடத்தில் வேறு இழை போட முடியுமா? வாசல் முழுவதையும் தெளித்துவிட்டுத்தானே மறுபடி போடுகிறோம்! அதோடு, ஒரு தொகுதியை இத்தனை ஆயிரம் முறைதான் அழிக்கலாம் என்ற வரம்பும் உண்டு. அதற்கு மேல் கூடு தளர்ந்துவிடும்.

ஆகவே எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு ஒரு தந்திரம் செய்கிறது. பழைய பக்கத்தின் மேல் எழுதச் சொன்னால், எழுதுவதில்லை. புதிதாகத் தெளித்த வேறொரு வாசலில் எழுதிவிட்டு, தன் சொந்தப் பதிவேட்டில் முகவரியை மாற்றிக்கொள்கிறது. விண்டோஸின் பதிவேட்டுக்கு அடியில் இன்னொரு பதிவேடு! நாம் மேலெழுதிவிட்டதாக நினைக்கும் ஆதார் படம் எங்கோ ஒரு மூலையில் அப்படியே கிடக்கலாம். 2011இல் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில்லுகளையே நேராகப் படித்துப் பார்த்தார்கள். ஒரு கோப்பை மட்டும் மேலெழுதி அழிக்கும் எந்த முறையும் அங்கே முழுதாக வெற்றிபெறவில்லை.

எஸ்எஸ்டியைத் துடைக்க அதன் கட்டுப்பாட்டுச் சில்லிடமே சொல்ல வேண்டும். எல்லா வாசல்களையும் ஒரேயடியாகத் தெளிக்கும் கட்டளை அதற்குள் இருக்கிறது. தயாரிப்பாளர் தரும் நிரல் வழியாகவோ, சில கணினிகளில் தொடக்கத் திரை வழியாகவோ அதைக் கொடுக்கலாம். இதைவிட எனக்குப் பிடித்த வழி, முதல் நாளிலிருந்தே தகவல் முழுவதையும் மறையாக்கம் செய்து, பூட்டிய மொழியில் எழுதுவது. அப்படியிருந்தால் கொடுக்கும் நாளில் சாவியை மட்டும் அழித்தால் போதும். பூட்டிய எழுத்து எந்த மூலையில் மிஞ்சினாலும் யாராலும் படிக்க முடியாது. சாவியின் நீளம் 32 பைட்தான்.

எல்லாம் போனபின் எழுப்புவது யார்?

புதுச் சேமிப்பகத்தில் ஒன்றுமே இல்லை. கணினியை இயக்கினேன். தொடங்க எதுவும் கிடைக்கவில்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது. உடனே அவள் கேட்டாள்: "உள்ள ஒண்ணுமே இல்லேன்னா, ஒண்ணும் இல்லேன்னு சொல்றது யாரு மாமா?"

தாய்ப்பலகையில் தனியாக ஒரு சிறு சில்லு இருக்கிறது. வன்தட்டைத் துடைத்தாலும் மாற்றினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. மின்சாரம் வந்ததும் முதலில் கண் விழிப்பது அதிலுள்ள நிரல். அது விசைப்பலகை, திரை, நினைவகம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏற்றுவதற்கு இயங்குதளம் எங்கே இருக்கிறது என்று தட்டிலும் பென்டிரைவிலும் தேடும். நாம் ஒரு பென்டிரைவைச் செருகி, 'முதலில் இதைப் பார்' என்று சொன்னால் அங்கிருந்தே எழுந்துகொள்ளும். அம்மா படம் கிடைத்த அன்று மீட்பு நிரல் ஓடியதும் இப்படித்தான்.

விண்டோஸ் 11 இந்தக் கணினியை ஏற்காது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத இயங்குதளத்தைக் குழந்தை கையில் கொடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். லினக்ஸ் மின்ட்டின் எடை குறைந்த பதிப்பை நிறுவினேன். அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. நிர்வாகக் கணக்கு அக்காவிடம். மகளுக்குத் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல். தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்தேன்.

பிறகு ஒரு சிக்கல். இணையம் இருந்தும் எந்தத் தளமும் திறக்கவில்லை, எல்லாம் பாதுகாப்பற்றவை என்றது உலாவி. காரணம் கடிகாரம். நாணயம்போல இருக்கும் சிறு மின்கலம் ஒன்று, கணினி அணைந்திருக்கும்போதும் தேதியைக் காத்து வருகிறது. அது தீர்ந்துபோய், தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. இணையதளங்கள் தங்களை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழில் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்றிருக்கும். கணினிக் கணக்கில் அந்தச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை! சிஆர் 2032 என்ற அந்த மின்கலத்தைக் கடிகாரக் கடையில் வாங்கி மாற்றியதும் எல்லாம் சரியானது. அந்தப் பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். அவள் அளவுகோல் வைத்துச் சரிபார்த்தாள்.

புதுக் கணினியில் அவள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்ட முதல் கோப்பு அந்தப் பாதிப் படம். ஓவிய நிரலில் அதைத் திறந்து, சாம்பல் பகுதியை நிரப்பப் போவதாகச் சொன்னாள். அம்மாச்சி மடியில் அன்று என்ன இருந்தது என்று எங்களைக் கேட்டாள். முறம் என்றாள் அக்கா, பொங்கலுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார் என்று. எனக்குப் பூனை என்றுதான் நினைவு.

அவள் இரண்டையும் வரைந்தாள்.